காய்ச்சிய இரும்புக்குப் புகை இல்லை

மலை மேல் புகை தெரிந்தால் அங்கே நெருப்பு உண்டு என்று முடிவு கட்டலாம். தருக்கம் படிக்கத் தொடங்குகிறவர்களுக்குச் சொல்லித்தரும் முதல் எடுத்துக்காட்டு இது. அடுத்த பாடம் அவ்வளவாகப் பரவவில்லை. நெருப்பு இருக்கும் இடத்திலெல்லாம் புகை இருக்குமா என்று கேட்ட தருக்க ஆசிரியர்கள், உலையில் பழுக்கக் காய்ச்சிய இரும்பை எடுத்துக் காட்டினார்கள். தொட்டால் சுட்டுவிடும், புகை துளியும் இராது. ஆகவே புகையைக் கொண்டு நெருப்பை அறியலாம். புகை இல்லை என்பதைக் கொண்டு நெருப்பு இல்லை என்று சொல்ல முடியாது. மூட்டு அழற்சி நோய்களின் மருத்துவத்தில் இந்த இரண்டாம் பாடம் அடிக்கடி மறந்துபோகிறது. மருந்து தொடங்கிய மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை அறிக்கை வருகிறது. நாற்பதில் இருந்த எண் ஐந்துக்கு இறங்கியிருக்கிறது. மருந்து கேட்கிறது என்று நோயாளியும் வீட்டாரும் நிம்மதி அடைகிறார்கள். அந்த நிம்மதிக்கு ஆதாரம் உண்டா? பல வேளைகளில் உண்டு. சில வேளைகளில் கொஞ்சமும் இல்லை. இரண்டையும் பிரித்தறிய ஒரு கேள்வி போதும். மருந்திலிருந்து அந்த எண்ணுக்குப் போகும் பாதை நோயின் ஊடாகப் போகிறதா, நோயைச் சுற்றிக்கொண்டு போகிறதா? ஊடாகப் போனால், எண் இறங்கியது நோய் தணிந்ததற்குச் சான்று. சுற்றிக்கொண்டு போனால், எண் இறங்கியது என்பதற்கு மேல் அது வேறெதையும் சொல்லவில்லை.

மருத்துவர்கள் பயோமார்க்கர் என்று சொல்வதை இங்கே சுட்டி என்றே அழைக்கலாம். உடலுக்குள் நடப்பதை வெளியே நின்று சுட்டிக்காட்டும் அளவீடு அது. அவற்றில் மூத்தது இ.எஸ்.ஆர். நிமிர்த்தி வைத்த மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரத்தச் சிவப்பணுக்கள் ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகின்றன என்பதே அந்த எண். போலந்து மருத்துவர் எட்மண்ட் பியர்நாட்ஸ்கி 1897-இல் இதைப் பற்றி எழுதினார். ஸ்வீடனில் ராபின் ஃபாரேயஸ் 1918-இலும் ஆல்ஃப் வெஸ்டர்கிரன் 1921-இலும் இதை மருத்துவப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அழற்சியின்போது ரத்தத்தில் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் கூடுகிறது. சிவப்பணுக்கள் அடுக்கிய நாணயங்களைப் போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய அடுக்கு வேகமாக இறங்குகிறது. ரத்தசோகை இருந்தாலும், வயது ஏறினாலும், கருவுற்றிருந்தாலும்கூட இந்த எண் கூடும். இளையது சி.ஆர்.பி. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தை ஆராய்ந்த வில்லியம் டில்லெட்டும் தாமஸ் ஃபிரான்சிஸும் 1930-இல் இதைக் கண்டார்கள். ரத்தத்தில் உள்ள சி.ஆர்.பி. பாதியாகக் குறைய ஏறத்தாழ 19 மணி நேரம் ஆகிறது. நோய் எதுவானாலும் இந்த வேகம் மாறுவதில்லை. அதனால் ரத்தத்தில் அதன் அளவு, கல்லீரல் அதை எவ்வளவு மும்முரமாகச் செய்துகொண்டிருக்கிறது என்பதை மட்டுமே காட்டுகிறது.

இதில் கல்லீரல்தான் முக்கியம். ஃபைப்ரினோஜனும் சி.ஆர்.பி.யும் கல்லீரலில் பிறப்பவை. விரல் மூட்டில் நடக்கும் அழற்சியை நாம் நேரில் அளப்பதில்லை. அதைப் பற்றிக் கல்லீரலுக்குப் போய்ச் சேர்ந்த செய்தியை அளக்கிறோம். அந்தச் செய்தியைக் கொண்டுபோகும் தூதர்களில் தலையாயது இன்டர்லூக்கின்-6 என்ற சிறு புரதம். முடக்குவாதத்தில், அதாவது நம் ஊரில் சரவாங்கி என்றும் சொல்லும் நோயில், மூட்டை உட்புறம் போர்த்தியிருக்கும் சவ்வு தடித்து, நோயெதிர்ப்பு அணுக்கள் அங்கே குடியேறி, டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6 போன்ற தூதுப் புரதங்களைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. லண்டனில் கென்னடி நிறுவனத்தில் மார்க் ஃபெல்ட்மனும் ரவீந்தர் மைனியும் இந்தத் தூதர்களுக்குள் ஒரு வரிசை இருப்பதைக் கண்டார்கள். நோயாளியின் மூட்டிலிருந்து எடுத்த அணுக்களை வளர்த்து, அதில் டி.என்.எஃப்.ஐத் தடுத்தபோது மற்றத் தூதர்களின் சுரப்பும் குறைந்தது. 1992-இல் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் டி.என்.எஃப்.ஐத் தடுக்கும் மருந்தை முதல் நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். வீக்கம் வடிந்தது, வலி குறைந்தது, சி.ஆர்.பி.யும் இறங்கியது. மூன்றும் சேர்ந்து இறங்கியதற்குக் காரணம், மருந்து சவ்வின் தீயைத் தணித்தது. தீ தணிந்ததால் கல்லீரலுக்குப் போகும் தூது குறைந்தது. பாதை நோயின் ஊடாகப் போன நேர்த்தியான எடுத்துக்காட்டு இது. சி.ஆர்.பி.யின் மேல் மருத்துவ உலகம் நம்பிக்கை வைக்க இப்படிப்பட்ட அனுபவங்களே காரணம்.

அந்த நம்பிக்கை இடறிய இடம் முதுகெலும்பு. ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற நோயில் இடுப்பு மூட்டுகளும் முதுகெலும்பும் அழற்சியுற்று, ஆண்டுகள் போகப் போக ஒன்றோடொன்று இறுகுகின்றன. டி.என்.எஃப். தடுப்பு மருந்து இதிலும் நன்றாக வேலை செய்தது. 2002-இல் ஜெர்மனியிலிருந்து வெளியான சோதனையில், நோயின் கடுமை பாதியாகக் குறைந்தவர்கள் மருந்து பெற்றவர்களில் 53 சதவீதம்; வெற்று ஊசி பெற்றவர்களில் 9 சதவீதம். இன்டர்லூக்கின்-6-இன் வாசலை அடைக்கும் டோசிலிசுமாப், ஜப்பானின் ததமிட்சு கிஷிமோட்டோவின் நீண்ட ஆய்வுகளிலிருந்து பிறந்த மருந்து. முடக்குவாதத்தில் அது ஏற்கெனவே வென்றிருந்தது. முதுகெலும்பு நோயிலும் வெல்லும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகவே இருந்தது. 2014-இல் முடிவு வெளிவந்தது. பன்னிரண்டாம் வாரத்தில் குறிப்பிட்ட அளவு முன்னேறியவர்கள் மருந்துப் பிரிவில் 37.3 சதவீதம், வெற்று ஊசிப் பிரிவில் 27.5 சதவீதம். தற்செயலிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாத வேறுபாடு அது. ஆனால் சி.ஆர்.பி. இறங்கியது. மருந்து தூதனைத் தடுத்துவிட்டது, கல்லீரல் அமைதியானது, முதுகெலும்பு மட்டும் முன்போலவே எரிந்துகொண்டிருந்தது. இந்தச் சோதனையை சி.ஆர்.பி.யை மட்டும் வைத்து மதிப்பிட்டிருந்தால் வெற்றி என்று அறிவித்திருப்பார்கள். பயனில்லாத ஊசியை எத்தனையோ பேர் மாதந்தோறும் போட்டுக்கொண்டிருந்திருப்பார்கள்.

முடக்குவாதத்தில் இதே மருந்து உண்மையாகவே பயன் தருகிறது. அதில் ஐயம் இல்லை. எவ்வளவு பயன் என்று அளக்கும்போதுதான் சிக்கல் வருகிறது. முடக்குவாதத்தின் தீவிரத்தை அளக்கப் பரவலாக உள்ள அளவுகோல் டி.ஏ.எஸ்.28. இருபத்தெட்டு மூட்டுகளை அழுத்திப் பார்த்து வலிக்கும் மூட்டுகள் எத்தனை, வீங்கியவை எத்தனை என்று எண்ணி, நோயாளி தம் நிலைக்குத் தரும் மதிப்பெண்ணையும் இ.எஸ்.ஆர். எண்ணையும் ஒரு சூத்திரத்தில் போட்டு ஒரே எண்ணாக்குகிறார்கள். அந்தச் சூத்திரத்தில் இ.எஸ்.ஆர்.-இன் இயல் மடக்கை 0.70-ஆல் பெருக்கப்படுகிறது. கணக்கிட்டுப் பார்க்கலாம். இ.எஸ்.ஆர். 40-இலிருந்து 4-க்கு இறங்கினால், வேறு எதுவுமே மாறாதபோதும் மொத்த மதிப்பெண் 1.6 குறைந்துவிடும். நல்ல முன்னேற்றம் என்று கொள்வதற்கு 1.2-க்கு மேல் குறைய வேண்டும் என்பது ஐரோப்பிய வாதநோய் மருத்துவர்களின் விதிகளில் ஒன்று. ஒரு வீக்கம்கூட வடியாமல் அந்த விதியைத் தாண்டிவிடலாம்! இது வெறும் காகிதக் கணக்கு அல்ல. டோசிலிசுமாபையும், டி.என்.எஃப்.ஐத் தடுக்கும் அடலிமுமாபையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட சோதனை 2013-இல் வெளியானது. டி.ஏ.எஸ்.28 அளவுகோலின்படி நோய் அடங்கிய நிலையை எட்டியவர்கள் முதல் மருந்தில் ஏறத்தாழ 40 சதவீதம், இரண்டாவதில் 10.5 சதவீதம்; நான்கு மடங்கு வேறுபாடு. ரத்தப் பரிசோதனையே சேராத, மூட்டு எண்ணிக்கையும் நோயாளி, மருத்துவர் இருவரின் மதிப்பெண்களும் மட்டும் கூட்டப்படும் சி.டி.ஏ.ஐ. அளவுகோலால் அதே நோயாளிகளை அளந்தபோது 17-க்கு 9. டோசிலிசுமாப் அப்போதும் முன்னிலையில்தான் இருந்தது. ஆனால் நான்கு மடங்கு இரண்டு மடங்குக்கும் குறைவாகிவிட்டது. மிச்சம் எங்கே போனது? நோய் அடங்கியதற்கான வரம்பு இரண்டு அளவுகோலிலும் ஒன்றல்ல என்பதால் முழுவதையும் இ.எஸ்.ஆர். கணக்கில் எழுத முடியாது. பெரும்பங்கு அதனுடையது என்றே நான் கருதுகிறேன்.

இதைப் படித்துவிட்டு, ரத்தப் பரிசோதனை சேர்ந்த அளவுகோல்கள் எல்லாமே பொய் என்று முடிவுக்கு வருவது அடுத்த தவறு. கிளாஸ்கோ நகரில் 110 நோயாளிகளிடம் நடந்து 2004-இல் வெளியான சோதனை நேர்மாறான பாடத்தைத் தருகிறது. ஒரு பிரிவினரை மாதந்தோறும் வரவழைத்து, மூட்டுகளை எண்ணி, இ.எஸ்.ஆர். சேர்ந்த மதிப்பெண்ணைக் கணக்கிட்டு, அது இலக்குக்கு மேலே நின்றால் மருந்தைக் கூட்டினார்கள். மற்றப் பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. பதினெட்டு மாத முடிவில் நோய் அடங்கியவர்கள் 65 சதவீதத்துக்கு 16 சதவீதம். பயன்பட்டவை புது மருந்துகள் அல்ல. சல்ஃபாசலசீன், மெத்தோட்ரெக்சேட் போன்ற பழைய, விலை குறைந்த மாத்திரைகளும் மூட்டில் போடும் ஸ்டீராய்டு ஊசியும்தான். (மெத்தோட்ரெக்சேட் பிறந்த லெடர்லி ஆய்வகத்தின் ஆராய்ச்சியை நடத்தியவர் எல்லாப்ரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். புற்றுநோய்க்காக உருவான அந்த மருந்து இன்று உலகெங்கும் முடக்குவாத சிகிச்சையின் அடித்தளமாக இருப்பதைப் பார்க்க அவருக்கு ஆயுள் இல்லை, 1948-இல் மறைந்தார்.) அந்த மாத்திரைகள் கல்லீரலுக்குப் போகும் தூதைக் குறிவைத்துத் தடுப்பவை அல்ல. மூட்டுச் சவ்வு அடங்கினால்தான் இ.எஸ்.ஆர். இறங்கும். ஆகவே அளவுகோல் உண்மை பேசியது. டோசிலிசுமாப் வந்தபோது அளவுகோல் அப்படியே இருந்தது. மருந்துதான் வேறு பாதையில் போயிற்று. எனவே ஒரு சுட்டி நம்பத்தக்கதா என்று பொதுவாகக் கேட்பதில் பொருள் இல்லை. எந்த நோயில், எந்த மருந்துக்கு என்று சேர்த்துக் கேட்டால்தான் அதற்கு விடை உண்டு.

டோசிலிசுமாப் எடுப்பவரிடம் சி.ஆர்.பி. முற்றிலும் வீண் என்றும் சொல்லக்கூடாது. அது இறங்கியிருந்தால் மருந்து தன் இலக்கைப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று தெரிகிறது. இறங்காவிட்டால் ஊசி ஒழுங்காகப் போடப்பட்டதா என்று விசாரிக்கலாம். ஆனால் அதன் அமைதி ஆபத்தானதும்கூட. இந்த மருந்து எடுப்பவருக்கு நிமோனியா வந்தால், கிருமி பெருகும்போதும் சி.ஆர்.பி. உயராமல் இருக்கலாம், காய்ச்சலும் மட்டாகவே இருக்கலாம். அறிக்கையில் எண் சரியாக இருக்கிறது என்று அவசரப் பிரிவில் ஒருவர் வீட்டுக்கு அனுப்பப்பட்டால் விளைவு உயிரைத் தொடும். புகைபோக்கியை அடைத்துவிட்டுப் புகை வரவில்லை என்று உறங்கப்போவது போன்றது அது.

எதிரெல்லையில் கவுட் இருக்கிறது. ரத்தத்தில் யூரிக் ஆசிட் டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் அது கரைந்து நிற்க முடியாமல் மூட்டுகளில் ஊசிப் படிகமாகப் படியலாம். அந்தப் படிகங்களே நோயைக் கிளப்புகின்றன. இங்கே சுட்டி புகை அல்ல, விறகு. இங்கிலாந்தின் நாட்டிங்காமில் 517 நோயாளிகளிடம் நடந்து 2018-இல் வெளியான சோதனையில், செவிலியர்கள் நோயைப் பொறுமையாக விளக்கி, யூரிக் ஆசிட் 6-க்குக் கீழே வரும்வரை மருந்தின் அளவைப் படிப்படியாக ஏற்றினார்கள். இரண்டாண்டு முடிவில் இலக்கை எட்டியவர்கள் 95 சதவீதம். வழக்கமான சிகிச்சையில் 30 சதவீதம். இரண்டாம் ஆண்டில் இரண்டோ அதற்கு மேலோ தாக்குதல் வந்தவர்கள் முதல் பிரிவில் 8 சதவீதம், மற்றதில் 24. எண்ணைத் துரத்தியது நோயாளிக்குப் பலித்தது. ஆயினும் இவ்வளவு நல்ல சுட்டியும் காலத்தின் விஷயத்தில் ஏமாற்றுகிறது. யூரிக் ஆசிட் இறங்கத் தொடங்கும் முதல் மாதங்களில் பழைய படிகங்கள் கரைந்து உதிர்வதால் தாக்குதல்கள் கூடுகின்றன. எண் நன்றாகும்போது கால் பெருவிரல் வீங்குகிறது. இதை முன்கூட்டிச் சொல்லாத மருத்துவரிடம் நோயாளி நம்பிக்கை இழந்து மாத்திரையை நிறுத்திவிடுகிறார். தாக்குதல் உச்சத்தில் இருக்கும் நாளில் யூரிக் ஆசிட் சரியான அளவில் இருப்பதும் உண்டு. அன்று எடுத்த ஒரே ரத்தப் பரிசோதனையை வைத்து இது கவுட் அல்ல என்று சொல்பவர்கள் காய்ச்சிய இரும்பைக் கையில் எடுப்பவர்கள்.

சுட்டிகளுக்கு இத்தனை நிபந்தனைகள் என்றால், நோயாளியையே கேட்டுவிடலாமே என்று ஒரு மறுப்பு எழும். வலி குறைந்ததா, சட்டைப் பொத்தானைப் போட முடிகிறதா, காலையில் விரல்கள் எத்தனை நேரம் விறைத்துக் கிடக்கின்றன என்பதற்கு மேல் வேறென்ன சான்று வேண்டும்? வலுவான மறுப்பு இது. சிகிச்சையின் நோக்கமே அதுதான் என்பதால் இதை ஒதுக்கித் தள்ள முடியாது. ஆனால் மேலே சொன்ன முதுகெலும்புச் சோதனையில், வெற்று ஊசி பெற்றவர்களிலும் கால்வாசிக்கு மேற்பட்டோர் முன்னேற்றம் காட்டினார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. எதிர்பார்ப்பு வலியைத் தணிக்கும். நோயும் தானாகவே ஏறி இறங்கும். எதிர்ப்பக்கத்திலும் இதே சிக்கல் உண்டு. அழற்சி முற்றிலும் அடங்கிய பிறகும் வலி தங்கிவிடலாம். ஆண்டுக்கணக்கில் வலித்த உடலில் நரம்புகள் வலியைப் பெருக்கிக் காட்டப் பழகிவிடுகின்றன. அந்த வலி முழுக்க உண்மையானது. ஆனால் அதற்காக நோயெதிர்ப்பை மேலும் மேலும் அடக்கும் மருந்தைக் கொடுத்தால் வலி போகாது, காசநோய் வேண்டுமானால் வரும். கார்ட்டிசோனின் கதையையும் நினைக்க வேண்டும். 1948 செப்டம்பரில் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச் அதைக் கொடுத்த முதல் நோயாளி, படுக்கையில் புரளவே முடியாதிருந்தவர், சில நாட்களில் எழுந்து நடந்தார். இரண்டே ஆண்டில் நோபல் பரிசு வந்தது. மருந்தை நிறுத்தியதும் நோய் திரும்பியது. தொடர்ந்து கொடுத்ததும் முகம் ஊதியது, எலும்பு மெலிந்தது. உடம்பு லேசாக இருக்கிறது என்ற நோயாளியின் சொல் அன்றைக்கு உண்மை. நாளைய எலும்பைப் பற்றி அந்தச் சொல்லால் ஒன்றும் கூற முடியாது. நோயாளியின் சொல்லும் ஒரு சுட்டிதான். அதையும் எந்தப் பாதையில் வந்தது என்று கேட்டே ஏற்க வேண்டும்.

இன்னொரு மறுப்பு கருவிகளை நம்புகிறவர்களுடையது. ரத்தம் சுற்றி வளைத்துச் சொல்கிறது என்றால் மூட்டுக்குள்ளேயே பார்த்துவிடலாம். கையால் தொட்டு உணர முடியாத அழற்சியையும் அல்ட்ராசவுண்டு காட்டுகிறதே என்கிறார்கள். காட்டுகிறது. அதைப் பார்த்து மருந்தைக் கூட்டினால் நோயாளிக்கு நன்மை கூடுகிறதா என்பது தனிக் கேள்வி. நார்வேயில் 238 புது நோயாளிகளிடம் இதைச் சோதித்து 2016-இல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவில் அல்ட்ராசவுண்டில் தெரியும் கடைசிப் பொறியும் அணையும்வரை சிகிச்சை; மற்றதில் கையும் வழக்கமான பரிசோதனையும் சொன்னபடி. வீக்கமின்றி, எலும்பு மேலும் அரிக்கப்படாமல், நோய் நிலையாக அடங்கியவர்கள் 22 சதவீதமும் 19 சதவீதமும். வேறுபாடு இல்லை என்றே பொருள். முதல் பிரிவுக்குச் செலவான விலை உயர்ந்த மருந்துகள்தான் அதிகம். நுட்பமாகப் பார்ப்பது வேறு, பயனுள்ளதைப் பார்ப்பது வேறு. ஒரு நாளில் நூறு நோயாளிகளைப் பார்க்க வேண்டிய அரசு மருத்துவமனைகளுக்கு இந்த முடிவு ஆறுதலானது. இருபத்தெட்டு மூட்டுகளைத் தொட்டு எண்ணச் சில நிமிடங்களும் பழகிய இரு கைகளும் போதும்.

சிகிச்சையின் விளைவை அளக்கவே வராத சுட்டிகளையும் அதற்குப் பயன்படுத்துவது இன்னொரு குழப்பம். எரிக் வாலர் 1940-இல் நார்வேயில் கண்ட ஆர்.ஏ. ஃபேக்டர் அத்தகையது; காசநோயிலும் தொழுநோயிலும் நலமாக உள்ள முதியவர்களிடமும்கூட அது தென்படும். அதைவிடத் துல்லியமானது ஆன்டி சி.சி.பி. எதிர்ப்பான். பல ஆய்வுகளைத் தொகுத்த 2007-ஆம் ஆண்டுக் கணக்கில், முடக்குவாதம் இல்லாத நூறு பேரில் 95 பேருக்கு அது இல்லை என்று சரியாகவே காட்டியது. நோய் உள்ள நூறு பேரில் 67 பேரைத்தான் பிடித்தது. இன்னார் என்று அடையாளம் காட்டுவதும், நோய் கடுமையாகப் போகும் என்று எச்சரிப்பதும் அதன் வேலை. நோய் அடங்கிய பிறகும் அது ரத்தத்தில் ஆண்டுக்கணக்கில் நிற்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைத் திரும்பத் திரும்ப எடுத்து, இன்னும் பாசிட்டிவ்தானா என்று கலங்குவது பணத்தையும் தூக்கத்தையும் ஒருசேரத் தொலைக்கும் வழி.

ஆனாலும் அந்த எதிர்ப்பானிடம் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அது நோய்க்கு முன்னால் வருகிறது. நெதர்லாந்தில் முடக்குவாதம் வந்த 79 பேர் முன்பு ரத்த தானம் செய்தவர்கள். சேமித்து வைத்திருந்த அவர்களுடைய பழைய ரத்தத்தை எடுத்துப் பார்த்தபோது, ஏறத்தாழ பாதிப் பேரிடம் இந்த எதிர்ப்பானோ ஆர்.ஏ. ஃபேக்டரோ அறிகுறிகளுக்கு முன்பே இருந்தது. சிலரிடம் பத்தாண்டுகளுக்கும் மேல். இங்கே வரிசை தலைகீழ்: நெருப்புக்கு முன்னால் புகை. அப்படியானால் நெருப்பு மூளும் முன்பே அணைத்துவிடலாமா? பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் இந்த எதிர்ப்பான் உள்ள, மூட்டு வலி தொடங்கியும் வீக்கம் வராத 213 பேருக்கு ஓராண்டு அபடாசெப்ட் என்ற மருந்தோ வெற்று ஊசியோ கொடுத்தார்கள். முடிவு 2024-இல் வெளியானது. அந்தச் சோதனையை அமைத்தவர்கள் எதிர்ப்பான் எவ்வளவு குறைந்தது என்பதை வெற்றியின் அளவாக வைக்கவில்லை. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட மூட்டுகளில் வீக்கம் வந்ததா, முடக்குவாதம் என்று சொல்லத்தக்க நிலை வந்ததா என்பதையே வைத்தார்கள்; மருந்தை நிறுத்திய பிறகும் ஓராண்டு காத்திருந்து எண்ணினார்கள். பன்னிரண்டாம் மாதத்தில் நோய் வந்தவர்கள் மருந்துப் பிரிவில் 6 சதவீதம், வெற்று ஊசிப் பிரிவில் 29. இருபத்துநான்காம் மாதத்தில் 25-க்கு 37. இடைவெளி சுருங்கியிருந்தது. தடுத்து வைத்த நோய் பலரிடம் தள்ளிப்போயிருந்ததே தவிர நீங்கவில்லை என்பது அந்த இரண்டாம் ஆண்டில்தான், வீங்கிய மூட்டுகளைத் தொட்டு எண்ணியதில்தான், தெரிந்தது.